கொண்டாட்ட வீட்டுக்கு வைன் கேட்டு வருபவருக்கு

பிறந்தநாளுக்கு வீட்டிலே இருபது பெரியவர்களைக் கூப்பிட்டிருப்பவர் வெள்ளி மாலை கடைக்கு வந்து, "அண்ணை, விலை கூடாமல் நல்ல வைன் எது?" என்று கேட்கிறார். பிரித்தானியாவில் மதுபான உரிமத்துடன் கடை நடத்தும் நம்மவரிற் பலர் பியர், விஸ்கி பற்றி உறுதியாகச் சொல்வர். வைன் என்றால் கையில் அகப்பட்ட போத்தலைக் கொடுத்துவிடுவர். அவர் அடுத்தமுறை சுப்பர்மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்.

முதலில் கேட்கவேண்டியது, சாப்பாடு என்ன என்பதே. ஆட்டிறைச்சிக் கறியும் கொத்துரொட்டியும் என்றால், மதுசாரம் கூடிய துவர்ப்பான சிவப்பு வைன் உறைப்பை இன்னும் ஏற்றிவிடும். இலேசான இனிப்புள்ள ஜேர்மன் றீஸ்லிங், போர்த்துக்கலின் வின்யோ வேர்டே ஆகியவை நாக்குக்கு இதம். சிவப்புத்தான் வேண்டுமென்பவருக்குப் பூஜொலே. அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பரிமாறச் சொல்லுங்கள். விலை சற்றுக் கூடும்.

மதுசாரம் குறைந்தால் நமக்கும் இலாபமுண்டு. 2023 ஓகஸ்டிலிருந்து தீர்வை மதுசார அளவைப் பொறுத்தது. வைனுக்கிருந்த தற்காலிகச் சலுகையும் 2025 ஜனவரியோடு முடிந்தது. 2025 பெப்ரவரிக் கணக்கின்படி 75 சென்ரிலீற்றர் போத்தலுக்கு 14.5 சதவீதமென்றால் தீர்வை 3.21 பவுண், 11 சதவீதமென்றால் 2.44. ஏழு பவுணுக்கு விற்கும் போத்தலில் 20 சதவீத வற் வரியையும் தீர்வையையும் கழித்தால், அப்போது முன்னதில் மிஞ்சியது 2.62 பவுண், பின்னதில் 3.39. வைன், கண்ணாடி, கப்பற்கூலி, நம் இலாபம் எல்லாம் அதற்குள்தான்.

நுரைக்கும் வைனுக்கிருந்த மேலதிகத் தீர்வையும் 2023இல் நீங்கியது. சம்பெயின் கேட்பவருக்கு ஸ்பானியக் காவாவைக் காட்டலாம். அதுவும் போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து நுரை பெறுவதுதான்.

ஒரு போத்தலில் 125 மில்லிலீற்றர்க் கிளாஸ் ஆறு வரும். இருபது பேருக்கு மும்மூன்று கிளாஸ் என்றால் பத்துப் போத்தல். எல்லோரும் குடிக்கமாட்டார்கள் என்றால் 2.25 லீற்றர்ப் பெட்டி நல்லது: மூன்று போத்தலுக்குச் சமம், திறந்தபின்னும் சில வாரம் கெடாது.

கொள்முதலில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2017 ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து, வரித்துறை அங்கீகரித்த மொத்த வியாபாரியிடம் மட்டுமே வாங்கலாம். அவரது பதிவிலக்கத்தைச் சரிபார்ப்பதும் நம் பொறுப்பே. வானில் கொண்டுவந்து போத்தல் இரண்டு பவுண் என்பவரிடம் பேரம் பேசவே வேண்டாம். 2025 பெப்ரவரிக் கணக்கிலேயே 11 சதவீத வைனுக்குத் தீர்வையும் அதன்மேல் வற் வரியும் 2.92 பவுண் ஆனதே, அவர் எங்கே கட்டியிருப்பார்?