விலைக்கு வந்த வீடும் வளவும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, கல்லூரி முடிந்து வவுனியாவிலுள்ள எமது இல்லத்துக்கு மீண்டபோது, நொத்தாரிசு ஒருவரிடமிருந்து வந்த கடிதம் மேசைமீது காத்திருந்தது. மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள பூர்வீக வீட்டிலும் அதனைச் சூழ்ந்த மூன்று ஏக்கர் வளவிலும் தமக்குரிய பிரியாப் பங்கை எமது மனைவியின் அம்மான் விற்கக் கருதியுள்ளார் என்றும், பங்காளி என்ற முறையில் அதனை வாங்க விருப்பமுண்டாயின் அறிவித்தல் வேண்டும் என்றும் அதிற் கண்டிருந்தது.

நேயர்களிற் பலருக்கு இத்தகைய கடிதம் புதிதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொகுத்து எழுதப்பெற்ற தேசவழமையிலே, பங்குக் காணியை விற்போன் முதலில் தன் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் சொல்லுதல் வேண்டும் என்னும் முறை உண்டு. அம்முறைக்கென்றே 1947ஆம் ஆண்டில் தனியொரு கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டது. அந்நியர் கைக்குக் காணி போகாதிருக்க முன்னோர் செய்த ஏற்பாடு அது. ஆனால் அச்சட்டம் காணியைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, காணியின்மேல் நிற்கும் வீட்டைக் காப்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அன்று எண்ணியது அதுவே.

அவ்வீடு எமது மனைவியின் பாட்டனார் 1930ஆம் ஆண்டளவிற் கட்டியது. நடுவே முற்றம் விட்ட நாற்சார் வீடு. பாலை மரத் தூண்கள் பன்னிரண்டு. முதிரை மர நிலைகள். மேலே மங்களூர் ஓடு. சுற்றிலும் மண் வீடுகளும் கிடுகுக் கூரைகளுமாய் இருந்த அவ்வூரில், புகையிரத நிலையத்திலிருந்து ஓடுகள் மாட்டு வண்டியில் வந்திறங்கியதைப் பார்க்க ஊரே கூடியதாம்.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் போர் நெருங்கியபோது, வன்னி மக்கள் பலர் செய்தவாறே, அம்மானும் கூரையைக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். விசுவமடு வரையே ஓடுகள் சென்றன. அங்கே அவற்றைத் தெருவோரம் இறக்கிவிட்டு, நடக்கமாட்டாத முதியோரை ஏற்றவேண்டியதாயிற்று. 2011ஆம் ஆண்டில் அவர் மீண்டு வந்தபோது வளவின் எல்லையிலே மண்டையோட்டுப் படம் தாங்கிய சிவப்புப் பலகைகள் நின்றன. கண்ணிவெடி அகற்றுவோர் அடியடியாகத் தேடி முடிக்கும் வரை, தமது கிணற்றடிக்குத் தாமே செல்ல இயலாதவராய் வீதியில் நின்று பார்த்தார். தென்னைகளுள் தலையுடன் நின்றவை நான்கு. தூண்களுள் எஞ்சியவை ஐந்து.

அந்த வீட்டை அவர் மீண்டும் எழுப்பினார். யாழ்ப்பாணத்திற் பழைய வீடுகள் இடிபடும் இடங்களுக்கெல்லாம் சென்று, அளவொத்த மங்களூர் ஓடுகளாய்ப் பொறுக்கிச் சேர்த்தார். தச்சரோடு வாதாடி ஏழு தூண்களைப் பழைய வடிவிலேயே கடையச் செய்தார். வளவிலே கறுத்தக்கொழும்பானும் தோடையும் பலாவும் நட்டார். “வீடு நாலு வரியத்திலை எழும்பிட்டுது, தம்பி. பலாதான் சுணங்குது” என்று சொல்லி நகைப்பார். இப்பொழுது அவருக்கு எழுபத்தொன்பது வயது. மனைவியார் இல்லை. மக்கள் மூவரும் ரொறன்ரோவில். தனியே இருக்க வைத்தியர் சம்மதிக்கவில்லை.

தரகர் ஒருவர் வந்து வளவைக் காலடியால் அளந்து பார்த்தார். வீதிக்கு அண்மை, நல்ல நீர், ஆகையால் காணிக்கு நல்ல விலை உண்டு என்றார். வீட்டுக்கு என்ன விலை என்று அம்மான் கேட்டதற்கு, “இடிக்கிற கூலியைக் கழிக்க வேணும், ஐயா” என்று பதில் வந்தது. தரகரை நொந்து பயனில்லை. சந்தையின் பேச்சையே அவர் பேசினார்.

அன்றிரவு எமது நினைவு பெந்தோட்டைக்குச் சென்றது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு ஆங்குள்ள லுணுகங்கைத் தோட்டத்தைப் பார்த்து வந்திருந்தோம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1948ஆம் ஆண்டளவிலே தெத்துவ வாவிக் கரையிற் கைவிடப்பட்டுக் கிடந்த இறப்பர்த் தோட்டத்தையும் அதிலிருந்த சிறு பங்களாவையும் விலைக்கு வாங்கினார். அதனைத் திருத்தத் தமது அறிவு போதாதென்று கண்டே கட்டடக் கலை பயில இலண்டனுக்குச் சென்று, 1957இல், முப்பத்தெட்டாம் வயதிற் பட்டம் பெற்றார். கோட்டையிலே 1982இல் திறக்கப்பெற்ற பாராளுமன்றக் கட்டடத்தை அமைத்தவர் அவரே. ஒரு தோட்டம் வாங்கியதால் ஒரு நாட்டுக்குக் கட்டடக் கலைஞர் கிடைத்தார் என்பது எமக்கு இன்றும் வியப்பே.

மரக் கிளைகளிற் பாரம் கட்டித் தொங்கவிட்டு அவை தாம் விரும்பிய திசையில் வளரும்படி செய்தார். வீட்டுக்கும் எதிரேயுள்ள கறுவாக் குன்றுக்கும் இடையே ஊர் வழியொன்று செல்கிறது. பார்ப்போர் கண்ணிற் படாதவாறு அது பள்ளத்தில் மறைந்து கிடக்கிறது. வாவி வீட்டிலிருந்து தெரியும்பொருட்டுக் குன்றின் உச்சியையும் சிறிது தாழ்த்தினாராம். எம் மாணவன் ஒருவன், “இவ்வளவு செய்யப் பணம் எங்கிருந்து வந்தது, சேர்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. எமது அம்மானுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் 2003இல் மறைவதற்கு முன்பே பாவா செய்துவைத்த காரியம் ஒன்று பணத்தைச் சார்ந்ததன்று: தமக்குப் பின் தோட்டம் துண்டு துண்டாய் விலைப்படாதபடி அதனை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் விட்டார். இன்று விருந்தினர் தங்கும் விடுதியாய் அது தன் செலவைத் தானே தேடுகிறது.

அங்கே இன்னொரு வீடும் உண்டு. பத்திக் கலைஞர் ஏனா த சில்வாவுக்காகப் பாவா 1960க்கும் 1962க்கும் இடையிற் கொழும்பு அல்பிரட் பிளேஸிற் கட்டியது. நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள், ஓட்டுக் கூரை. நம்மூர் நாற்சார் வீட்டை அறிந்தவர் உள்ளே நுழைந்ததும் புன்னகை செய்வர். குடும்பத்தார் காணியை விற்க நேர்ந்தது. கொழும்பு நிலத்தின் விலைக்கு முன் அவ்வீடு எம்மாத்திரம்? எனினும் அதனை இடித்து மண்ணாக்காமல், கல்லுக்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் இலக்கமிட்டு, கழற்றி, லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீண்டும் பூட்டினர். 2016இல் அவ்வேலை நிறைவுற்றது. ஏனா அம்மையார் அதற்கு முந்திய ஆண்டிலே காலமாகிவிட்டார்.

இவ்வாறு எவரும் பொறுப்பேற்காத மாளிகைக்கு நேர்வதைக் காண நாம் தெற்கே போகவேண்டியதில்லை. எமது மேற்குக் கரையே போதும். மன்னார் மாவட்டத்து அரிப்பிலே, 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாய் இருந்த பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கடலோர மேட்டிலே கிரேக்கப் பாணித் தூண்களுடன் மாளிகை எழுப்பினார். முத்துக்குளிப்பு ஓய்ந்தது, மாளிகை ஆளின்றி நின்றது. இன்று செங்கற் சுவர்கள் சிலவே உள்ளன; அலை மேட்டை அரிக்க, அவையும் கடலுக்குள் சரிகின்றன.

அம்மானின் பங்கை வாங்க எமது மனைவிக்கு உரிமை உண்டு, பணம் இல்லை. ஆசிரியரின் சம்பளத்துக்கு வங்கி தரக்கூடிய கடன், கேட்கும் விலையிற் பாதிக்கும் காணாது. மைத்துனர் இருவருக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். ஒருவர் சம்மதம், மற்றவர் மௌனம். கனடாவிலுள்ள மக்களிடமும், வீட்டையும் கிணற்றடியையும் சூழ்ந்த அரை ஏக்கரையாவது பிரித்து நிறுத்தி எஞ்சியதை விற்கலாமா என்று கேட்டிருக்கிறோம். தரகருக்கு இந்த யோசனை சற்றும் பிடிக்கவில்லை. வீதிமுகப்பு போய்விடுமாம்.

சென்ற ஞாயிறு, மாணவர் அறுவரை அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றோம். எது நேரினும் உதவட்டும் என்று, அறை அறையாய் அளந்து தாளிற் படம் வரைந்தோம். கொழும்பிற் செய்தவாறே, தூண்களுக்கும் வளைகளுக்கும் கதவு நிலைகளுக்கும் சுண்ணக்கட்டியால் இலக்கமிட்டோம். அம்மான் சாய்மனைக் கதிரையிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தூண் பழையது, எது புதியது என்று மாணவர்களைக் கேட்டு அவர்கள் பிழைவிட்டபோதெல்லாம் மகிழ்ந்தார். சாமியறை நிலைக்கு இலக்கம் எழுதப்போன பையனை மட்டும் கைகாட்டி மறித்தார்.

“அதுக்கு இலக்கம் வேண்டாம், தம்பி. அது இஞ்சைதான் நிக்கும்” என்றார். பின்பு எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு பலாவுக்குத் தண்ணீர் வார்க்கப் போய்விட்டார்.