தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் வேலையா? முதல்ல விசாவைப் பாருங்க!

"தமிழும் இங்கிலீஷும் பேசினா போதும், விசா செலவு கம்பெனியோடது". விழுப்புரம், திண்டிவனம் பக்கம் உங்க வாட்ஸ்அப்புக்கும் இப்படி மெசேஜ் வந்தா, கொஞ்சம் நில்லுங்க.

தாய்லாந்து வேலைன்னு நம்பிப் போன பலர், மியான்மரின் மியாவாடியில் சிக்கி ஆன்லைன் மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழர்களை சென்னையில் வரவேற்ற அப்போதைய அமைச்சர் மஸ்தான், நம்ம செஞ்சிக்காரர்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? "டூரிஸ்ட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றாலே உஷார். அதில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஏஜென்ட்டின் பதிவு எண்ணை 'இ-மைக்ரேட்' தளத்தில் தட்டிப் பாருங்க. பதிவு பெற்றவரும் சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சத்தில் கேட்டா கொடுக்காதீங்க. சந்தேகமா? கிளம்புறதுக்கு முன்னாடியே மத்திய அரசின் இலவச எண் 1800 11 3090-க்குப் பேசிடுங்க.