பேராசிரியரின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒரு கணக்குதான். உபகாரச் சம்பளம் நான்கு ஆண்டுகளுக்கு. அதில் மீதம் 14 மாதங்கள். நீரை வடிகட்டும் மென்படலங்கள் பற்றியது என் ஆய்வு. நான் செய்த படலங்களோ அழுத்தம் கூடியதும் கிழிந்துகொண்டிருந்தன. படித்து முடித்து என்ன செய்யப்போகிறாய் என்று அம்மா கேட்டால் “பேராசிரியர் ஆவேன்” என்பேன். வேறு வழி எதுவும் தெரியாததால் சொன்ன பதில் அது.

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஈப்போவைச் சேர்ந்த அக்கா ஒருவர் ஒப்பந்த ஆய்வாளராக இருந்தார். ஒருநாள் கேண்டீனில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோது வெற்றுத்தாள் ஒன்றை நீட்டினார். “உனக்குச் செய்யத் தெரிந்தது, செய்யப் பிடித்தது, எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாதது. மூன்றையும் எழுது” என்றார். ‘சயின்ஸ்’ சஞ்சிகையின் வேலைவாய்ப்புப் பிரிவு 2012ல் தொடங்கிய ‘மைஐடிபி’ என்ற இலவச இணையக் கருவியும் திறன், ஆர்வம், விழுமியம் என இதையேதான் கேட்கிறது.

எழுதிப் பார்த்தேன். பிடித்தவற்றில் கட்டுரை எழுதுவது இல்லை. பழுதான கருவியைப் பிரித்துப் பார்ப்பது இருந்தது. இளநிலை மாணவர்களுக்கு அதைக் கையாளச் சொல்லித்தருவது இருந்தது.

“உன் பேராசிரியரிடம் சொன்னாயா?”

“ஓடிப்போகப் பார்க்கிறேன் என்று நினைப்பாரே அக்கா.”

“நீ சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?”

இரண்டு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒருநாள் தாளை அவர் மேசையில் வைத்தேன். நிதானமாகப் படித்தார். “ஆய்வு பிடிக்காததால் இப்படி எழுதினாயா, சோதனை தோற்றதாலா?” என்று கேட்டார். நான் விழித்தேன். “முதலில் படலத்தைச் சரிசெய். அதன் பிறகும் பட்டியல் இப்படியே இருந்தால் வா” என்றார். கோபத்தோடுதான் வெளியே வந்தேன். கேள்வி நியாயமானது என்பது பிறகுதான் புரிந்தது.

தாங்கு துணியை மாற்றிய பிறகு, ஐந்தாவது மாதத்தில் படலம் கிழியாமல் நின்றது. பட்டியல் மாறவில்லை. நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனம் ஒன்றுடன் நடந்த கூட்டாய்வில் அவரே என்னைச் சேர்த்துவிட்டார்.

ஆய்வுக் கல்வியை எண்ணியிருக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டியது: மேற்பார்வையாளரே வழிகாட்டியாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஆய்வு முடிவுகள் அவருக்கும் தேவை. அந்தத் தேவை இல்லாத ஒருவரும் உங்களுக்கு வேண்டும். அதற்காக “எனக்கு வழிகாட்டியாக இருங்கள்” என்று போய் நின்றால் யாரும் மிரண்டுவிடுவார்கள். ஒரே ஒரு கேள்வியோடு 20 நிமிடம் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

இப்போது நானும் ஒப்பந்த ஆய்வாளர்தான். ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. ஐந்து நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தேன், இரண்டு மறுத்துவிட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைத் திருத்துகிறேன். அக்கா இப்போது பினாங்கில் இருக்கிறார். புதிய தாளை வியாழக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.