சுவரில் கிறுக்கிய பையன்

ஸ்பெயினில் அயெர்பே என்றொரு சிற்றூர். 1860களில் அந்த ஊர் மருத்துவரின் மகனுக்குக் கரித்துண்டு கிடைத்தால் எந்தச் சுவரும் தப்பாது. ஓவியம் சோறு போடாது என்பது அப்பாவின் கட்சி. தேவாலயத்துக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் மகன் வரைந்த புனிதர் படத்தைக் காட்டினார். பையனுக்குக் கலை வராது என்று அவர் தீர்ப்புச் சொல்ல, வீட்டில் படம் வரையத் தடை விழுந்தது.

நவீன நரம்பு அறிவியலின் தந்தை என இன்று போற்றப்படும் சந்தியாகோ ரமோன் இ கஹால்தான் அந்தப் பையன்.

பிள்ளை வரைவதை வைத்து அவன் என்ன ஆவான் என்று சொல்ல முடியுமா? லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 7,752 ஜோடி இரட்டையர்களை நான்கு வயதில் ஒரு குழந்தையின் படம் வரையச் சொன்னார்கள். அழகுக்கு மதிப்பெண் இல்லை. கண், மூக்கு, கை, கால் இருக்கிறதா என்பதற்குத்தான். 2014இல் வெளியான முடிவின்படி, அந்த மதிப்பெண்ணுக்கும் 14 வயதில் அளந்த அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.20. முழுப் பொருத்தம் என்றால் 1 வர வேண்டும். அதுவும் அறிவுத்திறனுக்குத்தான், எதிர்காலத் தொழிலுக்கு அல்ல. சாதித்தவர்களின் பழைய நோட்டைப் புரட்டி, ‘அப்பவே தெரிஞ்சுது’ என்கிறோம். மற்றவர்களின் நோட்டு எடைக்குப் போய்விடுகிறது.

கஹாலை மருத்துவத்தின் பக்கம் திருப்பியதும் அப்பாதான். உடற்கூறு கற்பிக்க 1868இல் மகனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் எலும்புகளைப் பொறுக்கி வந்தார். பையனுக்கோ அவை வரையக் கிடைத்த புதுப் பொருள்கள். மருத்துவம் அந்த வழியில்தான் அவனுக்குள் நுழைந்தது.

நரம்பு செல்களைக் காட்ட ஆய்வாளர் கமில்லோ கோல்கி கண்டறிந்த வெள்ளிச் சாயமுறையை, மருத்துவராகிவிட்ட கஹால் 1887இல் மாட்ரிடில் பார்த்தார். அதில் சில நரம்பு செல்கள் மட்டுமே கிளைகளோடு முழுதாகக் கறுக்கும். எல்லாமே கறுத்தால் ஒன்றும் புரியாது. நரம்பு மண்டலம் பிரிக்க முடியாத ஒரே வலை என்றார் கோல்கி. பறவைகளின் சிறுமூளையைப் பார்த்துப் பார்த்து வரைந்த கஹால், ஒவ்வொரு செல்லும் தனி என்று 1888இல் எழுதினார். 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. கோல்கி விடவில்லை, நோபல் உரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி செல்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளியைக் காட்டி, கஹால் வரைந்ததே சரி என்று உறுதிசெய்தது.