ஆள் விழுந்தால் எஞ்சின் அணைய வேண்டும்

சாலையில் ஓடும் காரின் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தானாகவே தளர்கிறது. ஆனால் சிறு விசைப்படகுகளில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் வைத்த இடத்திலேயே நின்றுவிடுவதால், ஓட்டுபவர் நீரில் விழுந்த பின்னும் படகு அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சினைத் திசைப்படுத்திப் பிடித்திருக்க ஆளில்லாதபோது, சுழலும் விசிறியின் எதிர்விசை எஞ்சினை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. அதனால் படகு நேராக விலகிச் செல்லாமல் வட்டமடிக்கத் தொடங்கி, விழுந்தவர் மிதக்கும் இடத்துக்கே மீண்டும் மீண்டும் வந்து சேரக்கூடும். மூன்று இதழ் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 3,200 சுற்றுச் சுழலும்போது, ஒரே நொடியில் 160 இதழ்வீச்சுகள் ஒரே இடத்தைக் கடக்கின்றன என்பதைக் கணக்கிட்டால், அந்த வட்டத்துக்குள் சிக்கியவருக்கு நேரக்கூடியது விளங்கும்.

இந்த ஆபத்தைத் தடுப்பதற்காக அமைந்ததே கில் கார்டு எனப்படும் எஞ்சின் நிறுத்துக் கயிறு. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் சுருள்சுருளாக இருக்கும் இக்கயிற்றின் ஒரு முனை ஓட்டுபவரின் உடலோடு இணைக்கப்படுகிறது. மறுமுனையில் உள்ள சிறு கவ்வி, நெம்புகோலுக்கு அருகில் அமைந்த சுவிட்சின் குமிழுக்கு அடியில் செருகப்படுகிறது. ஓட்டுபவர் தம் இடத்தைவிட்டுத் தூக்கி எறியப்பட்டால் கயிறு இழுபட்டுக் கவ்வி கழன்றுவிட, சுவிட்ச் உடனே எஞ்சினை அணைக்கிறது. பெட்ரோல் அவுட்போர்டுகள் பெரும்பாலானவற்றில், தீப்பொறியை உண்டாக்க வேண்டிய மின்சாரம் எர்த்துக்குத் திருப்பிவிடப்படுவதால் எரிபொருள் எரிவது நின்றுபோகிறது. தீப்பொறி இல்லாமலே இயங்கும் டீசல் எஞ்சினிலோ எரிபொருளின் வரத்தையே அடைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு எளிய கருவி கையருகில் இருந்தும் உயிர்கள் போவதற்கு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பாட்ஸ்டோ ஊருக்கு அருகே நடந்த விபத்து துயரமான சான்றாகும். 2013 மே 5 அன்று கேமல் ஆற்றின் கழிமுகத்தில், ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் 'மில்லி' என்ற ரிப் வகைப் படகில், அதாவது கெட்டியான அடிப்பாகமும் காற்றடைத்த குழாய் விளிம்பும் கொண்ட படகில், சென்றுகொண்டிருந்தது. வேகமாகச் செல்லும் படகு சட்டெனத் திரும்பும்போது அதன் அடிப்பாகம் நீரில் வழுக்கிப் பின் திடீரெனப் பற்றிக்கொண்டால், உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கமாக வீசப்படுவார்கள். அன்றும் ஒரு கூர்மையான திருப்பத்தில் அறுவருமே நீரில் வீசப்பட்டனர். ஆளற்ற படகு வட்டமடித்து அவர்கள்மீதே பலமுறை ஏறிச் சென்றதில், தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தனர். தாயும் மகன் ஒருவனும் கடுமையாகக் காயமுற்றனர். விபத்தை ஆராய்ந்த பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, படகில் கில் கார்டு இருந்தபோதிலும் அது ஓட்டுபவரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது.

அந்தப் படகின் கட்டுப்பாடு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிய வேளையில்தான் விபத்து நேர்ந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. புறப்படும்போது கயிற்றை மாட்டிக்கொள்ளப் பெரும்பாலோர் பழகிவிடுகின்றனர். நங்கூரம் தூக்க எழும்போதும், கயிற்றுச் சிக்கலை விடுவிக்கப் பின்பக்கம் போகும்போதும், 'கொஞ்ச நேரம் நீ ஓட்டு' என்று இடத்தை மாற்றிக்கொள்ளும்போதும் அது கழற்றப்படுகிறது. பிறகு மாட்ட மறந்துபோகிறது. ஆகவே ஓட்டுபவர் மாறுவதற்கு முன் எஞ்சினை முழுவதும் அணைத்து, புதிதாக வருபவர் கயிற்றைத் தம் உடலில் மாட்டிய பின்னரே மீண்டும் இயக்க வேண்டும். அணைப்பதற்குச் சாவிக்குப் பதிலாகக் கில் கார்டையே இழுத்தால், அது வேலை செய்கிறதா என்பதும் அதே வேளையில் தெரிந்துவிடும்.

கயிற்றை எங்கே மாட்டுவது என்பதும் சிந்திக்க வேண்டிய செய்தியே. ஸ்டீயரிங் சக்கரம் உள்ள படகில் முழங்காலுக்கு மேலே தொடையைச் சுற்றி மாட்டுவது நல்ல முறை. மணிக்கட்டில் மாட்டினால் சக்கரத்தைத் திருப்பும்போது கயிறு அதில் சுற்றிக்கொள்ளும், ஈரக் கையிலிருந்து வழுவிப்போகவும் கூடும். எளிதில் கிழியும் சட்டையிலோ பித்தானிலோ மாட்டிய கயிறு, தேவையான நொடியில் கவ்வியை இழுப்பதற்குப் பதிலாகத் துணியோடு வந்துவிடும். அங்குமிங்கும் நகர வசதியாக இருக்கட்டும் என்று வேறொரு கயிற்றை முடிந்து நீட்டிக்கொள்வதும் தவறு, ஏனெனில் ஓட்டுபவர் விழுந்தும் கவ்வி கழலாத அளவுக்குக் கயிறு நீண்டுவிட்டால் அது இருந்தும் இல்லாததே.

வெயிலும் உப்புநீரும் கயிற்றையும் கவ்வியையும் நாளடைவில் நலிவுறச் செய்வதால், வெடிப்போ தளர்வோ தெரிந்த உடனே அந்த எஞ்சினுக்குரிய புதிய கயிற்றை வாங்கிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் கரையை விடுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு, கயிற்றை இழுத்து, அது நிற்கிறதா என்று பார்ப்பதற்குச் சில நொடிகளே ஆகும். இன்னொரு கயிறும் படகில் இருப்பது கட்டாயம்; ஏனெனில் ஓட்டுபவர் விழும்போது கவ்வியும் அவரோடு நீருக்குள் போய்விடுவதால், மாற்றுக் கயிறு இல்லாவிட்டால் படகில் எஞ்சியவர்கள் எஞ்சினை மீண்டும் இயக்கி அவரை மீட்க வழியில்லாமல் திகைக்க நேரும். அது எங்கே இருக்கிறது, எப்படிச் செருகுவது என்பதைப் பயணிகளுக்கும் முன்னதாகவே காட்டிவிட வேண்டும்.

இக்கருவிக்கு எல்லைகளும் உண்டு. வேகத்தில் செல்லும்போது தவறுதலாகக் கயிறு இழுபட்டால் படகு சட்டென வேகமிழந்து பயணிகள் முன்னே சரியலாம். எஞ்சின் நின்றதும் திசைதிருப்பும் ஆற்றலும் பெருமளவு குறைந்துவிடும். ஓட்டுபவரை மட்டுமே அது கவனிப்பதால் பயணி விழுந்தால் எஞ்சின் நிற்பதில்லை. உடலில் அணியும் சிறு கருவி நீரில் மூழ்கியோ படகிலிருந்து விலகியோ போனால் எஞ்சினை அணைக்கும் கம்பியில்லா அமைப்புகள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன; எனினும் அவையும் அணிந்திருந்தால்தான் பயன்படும்.

அமெரிக்கா இதைச் சட்டத்தின் வழியே கையாண்டது. 26 அடிக்குக் குறைவான, 3 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள புதிய உல்லாசப் படகுகளில் நிறுத்து சுவிட்சைப் பொருத்த வேண்டும் என 2018-ஆம் ஆண்டின் சட்டம் தயாரிப்பாளர்களைப் பணித்தது. அச்சுவிட்ச் உள்ள படகை வேகமாக ஓட்டுபவர் இணைப்பை அணிந்தே ஆக வேண்டும் என்ற விதி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூடிய அறைக்குள்ளிருந்து ஓட்டப்படும் படகுகளுக்கும், கரை சேரும்போது போல மெதுவாகச் செல்லும் நேரங்களுக்கும் விலக்கு உண்டு. முதல் மீறலுக்கு அபராதம் 100 டாலர். சுவிட்சைப் பொருத்தச் செய்வதோடு நில்லாமல் அணிவதற்கும் தனி விதி தேவைப்பட்டதே, கருவியைவிடப் பழக்கமே கடினமானது என்பதைக் காட்டுகிறது. இருப்பினும் படகில் இருப்பவர்கள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அருகில் நின்று பார்க்கச் சட்டத்தால் இயலாது. எஞ்சினை அணைத்துவிட்டே இடம் மாறுவது என்ற ஒரு நெறியைப் படகில் ஏறும் எல்லோரும் கேட்டுவாங்கும் வழக்கம் ஏற்பட்டால்தான் அந்தச் சிவப்புக் கயிறு தன் வேலையைச் செய்யும்.