உயிர் காப்போரின் மனநலம் காப்போம்

விபத்து என்றதும் நாம் 108-ஐ அழைக்கிறோம். 2008 முதல் தமிழகத்தில் ஓடும் இந்த ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளரும் ஓட்டுநரும் நாம் காணச் சகிக்காததை அன்றாடம் காண்கிறார்கள். கொரோனா காலத்தில் ஜனாஸாக்களைச் சுமந்து அடக்கம் செய்த நம் இளைஞர்களும் அப்படித்தான். வேலை முடிந்தாலும் உடலின் பதற்றம் உடனே அடங்குவதில்லை. தூக்கமின்மையாக, எரிச்சலாக, வீட்டாரிடம் பேசாமையாக அது வெளிப்படும்.

இதற்கு உதவும் ஒன்று மனக்கவனப் பயிற்சி. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-சின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய இந்த எட்டு வாரப் பயிற்சியின் வழியில், பின்னர் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் பயிற்சிகள் வந்தன. முறை எளிது. அமைதியாக அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். எண்ணம் சிதறினால் தன்னைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். மூச்சை மெதுவாக, நீட்டி வெளிவிட்டால் இதயத் துடிப்பு தணியும். இது நினைவுகளை அழிக்காது. அவை வரும்போது நிலைகுலையாமல் இருக்கப் பழக்கும். ஓய்வுக்கும் விடுப்புக்கும் இது மாற்றல்ல.

அத்தகையவர் நம் வீட்டில் இருந்தால், வந்ததும் துருவிக் கேட்க வேண்டாம். அவர் பேசும்போது பொறுமையாகக் கேட்போம். ஒரு மாதம் கடந்தும் அதே காட்சிகள் துரத்தினால் மனநல மருத்துவரைக் காணச் செய்வோம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவச ஆலோசனை கிடைக்கும்.