மஸ்டரும் மோஸ்தரும்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் படித்த பெரியவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். நான் துணி வியாபாரி. மீட்டர் கோல் பிடித்த கை. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் ஒரு சொல் நாற்பது வருஷத்துக்கும் மேலாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்ததை இந்த முறை எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

1979-ல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்தேன். காளபாதேவியில் மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டில் ஒரு கடையில் வேலை, தாராவியில் ஜாகை. பக்கத்து அறையில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். பருத்தி மில்லில் பத்லி. பத்லி என்றால் மாற்றாள். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவருடைய தறியில் நிற்பவர். விடியுமுன் குளித்து மில் கேட்டுக்குப் போவார். சில நாள் எட்டு மணிக்கே சோற்றுத் தூக்கோடு திரும்பி வருவார். "இன்னைக்கு மஸ்டர்ல பேரு ஏறலை தம்பி" என்பார். அன்றைக்குக் கூலி இல்லை என்று அர்த்தம்.

மஸ்டர் என்றால் வருகைப் பதிவுப் புத்தகம் என்று அப்போதே புரிந்தது. இந்த ஊரில் ஆபீஸ்களிலும் "மஸ்டர்வர் சஹி கேலி கா?" என்று மராத்தியில் கேட்பது சாதாரணம். நாம் ஆஜர் என்கிறோமே, அரபியிலிருந்து வந்த ஹாஜிர் தான் அது. மராத்தியில் ஹஜேரி. ஆக இங்கே இரண்டு சொல்லும் ஒரே புத்தகத்துக்கு வழங்குகிறது.

இன்னொரு சொல்லும் அந்நாளில் காதில் விழும். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் என் அத்தை, "பம்பாயில புது மோஸ்தர்ல சேலை வந்திருக்காமே, ஒண்ணு கொண்டாரக் கூடாதா?" என்பாள். மோஸ்தர் என்றால் டிசைன், பாணி, நாகரிகம். மஸ்டருக்கும் மோஸ்தருக்கும் உறவு உண்டு என்று சொப்பனத்திலும் நினைக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஃப்ளோரா ஃபவுண்டன் நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்று வாங்கினேன். 'ஹாப்சன் ஜாப்சன்'. யூல், பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-ல் வந்த அகராதி. இந்தியாவில் வெள்ளைக்காரர் வாயில் புழங்கிய சொற்களுக்கெல்லாம் பொருள் சொல்வது. பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், நம் பக்கத்துப் பாஷை தெரிந்தவர். அதில் மஸ்டர் என்ற சொல்லைத் தேடினேன். பெயர்ப் பட்டியல் என்று இருக்கும் என எதிர்பார்த்தால், மாதிரி, சாம்பிள் என்று இருக்கிறது! போர்த்துக்கீசிய மொழியின் 'மோஸ்த்ரா'விலிருந்து வந்தது என்கிறது. மோஸ்தர் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

லத்தீனில் 'மான்ஸ்த்ராரே' என்றால் காட்டுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மஸ்டர் ஆயிற்று. போர்த்துக்கீசிய மொழியில் மோஸ்த்ரா, காட்டப்படும் பொருள். கடையில் மிக்ஸியை ஓட்டிக் காட்டி 'டெமான்ஸ்ட்ரேஷன்' என்கிறானே, அதுவும் இதே வேர். பயமுறுத்தும் மான்ஸ்டரும் இந்தக் குடும்பம்தான். டச்சுக்காரன் இன்றைக்கும் சாம்பிளுக்கு 'மான்ஸ்டர்' என்றும், ஜெர்மன்காரன் 'முஸ்டர்' என்றும் சொல்கிறான்.

தமிழுக்கு இது இரண்டு தடவை, இரண்டு கப்பலில் வந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்றால் எழுத்தே சாட்சி. போர்த்துக்கீசியரின் 'த' நம்முடையதைப் போலப் பல்லில் நாக்குப் படுவது. ஆங்கிலேயரின் உச்சரிப்பு நம் காதுக்கு 'ட' என்றே கேட்கும். அதனால்தான் போர்த்துக்கீசியர் தந்தது துவாலை, ஆங்கிலேயர் தந்தது டவல். அவர் தந்தது பொத்தான், இவர் தந்தது பட்டன். அதே கணக்கில் அவர் வழி மோஸ்தர், இவர் வழி மஸ்டர். திசைச்சொல்லுக்கு இலக்கணம் சொன்ன பவணந்தி முனிவர், செந்தமிழ் நாட்டைச் சேர்ந்த பன்னிரு நிலத்தோடு தமிழ் நீங்கலாகப் பதினேழு நிலத்தையும் கணக்கில் எடுத்தார். லிஸ்பன் அவர் கணக்கில் இல்லை. கப்பல் வந்தது அவருக்குப் பிந்தித்தானே.

துணிக்காரன் என்பதால் சாம்பிள் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் வாங்கிய முக்கியச் சரக்கு துணி. கம்பெனிக் கடிதங்களில் மஸ்டர் என்ற சொல் அடிக்கடி வரும். லண்டனிலிருந்து மாதிரித் துண்டு வரும். இத்தனை இழை, இத்தனை நீள அகலம், இந்தச் சாயம் என்று அதைப் பார்த்து நெசவாளர் நெய்து தர வேண்டும். முன்பணம் வாங்கியிருப்பார்கள். துணி சென்னைக் கோட்டைக்கு வந்ததும் மஸ்டரோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். மாதிரிக்கு இறங்கினால் விலை குறையும், அல்லது திருப்பி விடுவார்கள். வாங்கின முன்பணம் நெசவாளர் தலையில். ஆக அந்தக் கைக்குட்டை அளவுத் துண்டு ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்துச் சோற்றைத் தீர்மானித்தது. இன்றும் மார்க்கெட்டில் 'சாம்பிள் பாஸ்' என்றால் வியாபாரிக்கு முகம் மலர்கிறது. மாதிரித் துண்டு நாளடைவில் அதிலுள்ள பூவேலைக்கும், பிறகு நாகரிகத்துக்கும் பெயராகி, என் அத்தை வாயில் மோஸ்தராக வந்து நின்றது என்பது என் எண்ணம்.

இனி ஆளைக் காட்டுகிற மஸ்டர். பழைய ஐரோப்பியப் படைகளில் தலைக்கு இவ்வளவு என்று தளபதியிடம் சம்பளப் பணம் தந்தார்கள். நூறு பேர் என்று கணக்கு எழுதி எழுபது பேரை வைத்திருப்பான். செத்தவன் பெயரிலும் சம்பளம் வாங்குவான். இதைப் பிடிக்க அதிகாரி வந்து, எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் காட்டச் சொல்வார். அதுதான் மஸ்டர். தளபதியும் லேசுப்பட்டவன் இல்லை. அன்றைக்கு மட்டும் கடைத்தெருவில் போகிறவனைப் பிடித்து நிறுத்திவிடுவான். நம் நாட்டிலும் இதே ரோகம், இதே வைத்தியம். அக்பர் படையில் குதிரைக்குச் சூடு போடுவது 'தாக்', வீரனின் அங்க அடையாளத்தை எழுதி வைப்பது 'செஹ்ரா', அதாவது முகம். ஆள் மாறாட்டமும் குதிரை மாறாட்டமும் நடக்காமலிருக்க ஏற்பாடு.

ஆங்கிலத்தில் வேறு பிரயோகங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் காட்டில் சிதறிய மாட்டை ஓட்டிச் சேர்ப்பது மஸ்டரிங். கப்பலில் ஆபத்து என்றால் பயணிகள் கூடும் இடம் மஸ்டர் ஸ்டேஷன். மயில் கூட்டத்துக்கும் மஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மயில் தோகையைக் காட்டுகிறது, பொருத்தம்தான். தைரியத்தையும் அவர்கள் மஸ்டர் செய்வார்கள். நாம் 'தைரியத்தை வரவழைத்துக்கொண்டு' என்கிறோம். தைரியம் கூப்பிட்டால்தான் வரும் என்பதில் இரண்டு பாஷைக்கும் ஒரே அபிப்பிராயம்.

மலைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன நம் ஜனங்களுக்கு இது தினசரி விஷயம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆளைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். கூடும் இடம் பெரட்டுக்களம். பரேடு என்பதன் திரிபு என்று சொல்வதுண்டு. அங்கே ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப்பேர்'. மனிதனின் பெயரை அரையாக வெட்ட முடியும் என்று நான் அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

மஸ்டரையும் மஸ்தூரையும் சிலர் குழப்புகிறார்கள். மஸ்தூர் வேறு. பாரசீகத்தில் 'முஸ்த்' என்றால் கூலி, அதை வாங்குபவர் மஸ்தூர். இரண்டும் சேர்ந்து நிற்கிற ஒரு சங்கதி உண்டு. ராஜஸ்தானில் தேவ்டூங்ரி கிராமத்தில் 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தொடங்கியது. அருணா ராய் முதலானோர் முன்னின்றார்கள். பஞ்சாயத்து வேலைகளுக்கான மஸ்டர் ரோலை எங்களுக்குக் காட்டு என்பது அவர்கள் கோரிக்கை. 1994 டிசம்பரிலிருந்து கிராமம் கிராமமாகப் பந்தல் போட்டு மஸ்டரை உரக்கப் படித்தார்கள். நான் அந்த வேலைக்கே போகவில்லையே என்று எழுந்து சொன்னார்கள். செத்தவர் பெயரும் கூலி வாங்கியிருந்தது. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. 2005-ல் நாடு முழுவதற்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்ததற்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம். பழைய தளபதியின் வித்தைதான்; ஆனால் இந்த முறை காட்டச் சொன்னவர் அதிகாரி இல்லை, கூலிக்காரர்.

இனி அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். 1982 ஜனவரி 18-ல் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை லட்சம் தொழிலாளர் அளவில் வெளியே வந்தார்கள். அவர் மில் பிறகு சரியாக ஓடவே இல்லை. அண்ணாச்சி இட்லி வியாபாரத்துக்குப் போனார். பல ஆண்டு கழித்து, மூடின மில்களின் நிலத்தில் பழைய தொழிலாளருக்கு வீடு என்று அரசுத் திட்டம் வந்தது. 1982 ஜனவரி 1-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ மில் பதிவில் பெயர் இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் கடைக்கு வந்து, "நான் அங்க வேலை பாத்தேன்னு காட்டணுமாம் தம்பி. மஸ்டரைக் கொண்டாங்காவ. அது என் கையிலயா இருக்கு?" என்றார்.

டிரங்குப் பெட்டியில் ஒரு சம்பளச் சீட்டு அகப்பட்டது. டிக்கெட் நம்பர் இருந்தது. பெயரில்தான் வில்லங்கம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மில் குமாஸ்தா மராத்தி வழக்கப்படி அவர் பெயர், அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயர் என்று எழுதி வைத்திருக்கிறார். ரேஷன் கார்டில் தலையெழுத்தோடு ஒரு பெயர். வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் முன்னால், இவர் பெயர் பின்னால். மூன்று காகிதம், மூன்று ஆள். நம்மவரில் இந்தச் சிக்கல் இல்லாத வீடு குறைவு, பென்ஷன், பி.எப். காகிதங்களை இப்போதே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. நோட்டரியிடம் போய், மூவரும் ஒருவரே என்று அஃபிடவிட் எழுதி, நானும் இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். குலுக்கலில் இதுவரை பெயர் விழவில்லை. அண்ணாச்சி காலமாகிவிட்டார். பட்டியல் வெளியாகும்போதெல்லாம் அவர் மகன் கடைக்கு வருகிறான். அந்த ஊர்ப் பெயரை மராத்தி எழுத்தில் தேடத் தெரிந்தவன் இப்போது நான்தான். இருவரும் உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்க்கிறோம்.